எபிசோட் 41: மூணு நொடி வீடியோவிலிருந்து ஒரு ஜிஃப்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த குரல் செய்திகள்ல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. பேசினவங்க தையல் வகுப்பு நடத்துறவங்க. அவங்க சொன்னது இதுதான்: "சார், கையால காஜா எடுக்கிறத பொண்ணுங்களுக்கு எத்தனை தடவை காட்டினாலும் வீட்டுக்குப் போனதும் மறந்துடுறாங்க. சின்னதா ஒரு ஜிஃப் பண்ணி குரூப்ல போட்டா, திரும்பத் திரும்ப ஓடும், பாத்துப்பாங்கன்னு நினைச்சேன். பத்து நொடி வீடியோவை ஒரு வெப்சைட்ல போட்டு மாத்தினேன். வீடியோ சின்னதாத்தான் இருந்துச்சு, ஜிஃப் நாப்பது எம்பி வந்துடுச்சு. படமும் புள்ளி புள்ளியா அசிங்கமா இருக்கு. நான் எங்க தப்பு பண்ணேன்?"

அம்மா, நீங்க தப்பு எதுவும் பண்ணல. ஜிஃப்போட குணமே அதுதான். அந்தக் குணம் தெரிஞ்சுட்டா, வீடியோவை எப்படி எடுக்கணும், எங்க வெட்டணும், எதைக் குறைக்கணும் எல்லாம் தானா புரிஞ்சிடும். இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். கடைசியில, நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்றேன். அது அளவைப் பத்தின தப்பு இல்ல. திருத்தவும் முடியாது.

அதுக்கு முன்னாடி பெயர். இதை உருவாக்கினது கம்ப்யூசர்வ் என்கிற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு. வருஷம் 1987. இதை "ஜிஃப்"னு சொல்றதா "கிஃப்"னு சொல்றதான்னு பல வருஷமா சண்டை. 2013-ல் அவருக்கு வெபி விருது கொடுத்தப்ப, "ஜிஃப்"தான் சரின்னு அவரே சொன்னார். அதுக்கப்புறமும் சண்டை ஓயல. ஆங்கிலத்துல மூணு எழுத்தை எழுதிட்டு மழுப்பிடலாம். தமிழ்ல எழுதணும்னா முதல் எழுத்துலயே முடிவெடுத்தாகணும். நான் பெத்தவர் சொன்னபடியே "ஜிஃப்"னு எழுதுறேன்.

நாப்பது எம்பி எங்கிருந்து வந்தது?

1987-ல் வீட்டுக் கணினியில் இன்டர்நெட் இல்லை. தொலைபேசி வயர் வழியா, ரொம்ப மெதுவான மோடம்ல, ஒரு படத்தை அனுப்பணும். அதுக்காகச் செஞ்சது ஜிஃப். அதாவது, இது வீடியோவுக்காகப் பிறந்ததே இல்லை. நிலையான படங்களுக்காகப் பிறந்தது. ஒரே ஃபைலுக்குள்ள பல படங்களை வைக்கலாம்னு ஒரு வசதி இருந்தது. 1989-ல் வந்த திருத்தத்துல, ஒவ்வொரு படத்தையும் எவ்வளவு நேரம் காட்டணும்னு குறிக்கிற வசதி சேர்ந்தது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் 2.0 உலாவி, "முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து ஓட்டு"ன்னு ஒரு குறிப்பைச் சேர்த்தது. அங்கதான் நாம இன்னைக்குப் பார்க்கிற ஓடிக்கிட்டே இருக்கிற ஜிஃப் பிறந்தது.

ஜிஃப் படத்தைச் சுருக்குற விதம் நம்ம பழைய கணக்குப் பிள்ளைகள் செய்யற மாதிரிதான். பழைய பத்திரங்கள்லயும் கணக்கு நோட்டுலயும் "௸"னு ஒரு குறி பார்த்திருப்பீங்க. "மேற்படி"ன்னு அர்த்தம். ஒரே ஊர், ஒரே பெயர் திரும்ப வந்தா, முழுசா எழுதாம அந்தக் குறியைப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. ஜிஃப்பும் அப்படித்தான். ஒரே நிறம் வரிசையா வந்தா, இல்லன்னா ஒரே அமைப்பு மறுபடி வந்தா, "மேற்படி"ன்னு குறிச்சுக்கும். சுவர் வெள்ளையா இருந்தா நிறைய மேற்படி போடலாம். கட்டம் போட்ட கைலி, பூப்போட்ட சுடிதார், காத்துல ஆடுற வேப்பமரம்னா ஒவ்வொரு புள்ளியும் வேற. மேற்படி போடவே இடமில்லை. ஃபைல் வீங்கும்.

உங்க ஃபோன்ல இருக்கிற எம்பி4 வீடியோ இதைவிட ரொம்பப் புத்திசாலி. "இந்தக் கை அப்படியே கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்திருக்கு"ன்னு ஒரு வரியில சொல்லிடும். ஜிஃப்புக்கு நகர்வுன்னா என்னன்னே தெரியாது. மாறின புள்ளிகளை எல்லாம் புதுசா எழுதும். அதனாலதான் சின்ன வீடியோ பெரிய ஜிஃப் ஆகுது.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். 720-க்கு 1280 அளவு வீடியோன்னா ஒரு படத்துல 9,21,600 புள்ளி. நொடிக்கு 30 படம், 10 நொடி, ஆக 300 படம். மொத்தம் 27 கோடியே 64 லட்சம் புள்ளி. இதை எவ்வளவு சுருக்கினாலும் எவ்வளவு தான் சுருங்கும்?

இதையே 400-க்கு 400 சதுரமா வெட்டி, 3 நொடி மட்டும் எடுத்து, நொடிக்கு சுமார் 12 படம் வெச்சா 37 படம். மொத்தம் 59 லட்சம் புள்ளி. 46 மடங்குக்கு மேல குறைஞ்சிடுச்சு. இன்னும் நாம சுருக்குற வேலையையே ஆரம்பிக்கல. அதனால முதல் விதி: நேரம், அகலம், நொடிக்கு எத்தனை படம், இந்த மூணையும் முதல்ல குறைங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

எடுக்கும்போதே பாதி வேலை முடிஞ்சிடணும்

இனி காஜாவுக்கு வருவோம். நல்லா கவனிச்சீங்கன்னா, இது ஜிஃப்புக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வேலை. ஊசி துணிக்குள்ள போகுது, நூலை ஊசியைச் சுத்திப் போடுறோம், இழுக்கிறோம், விளிம்புல முடிச்சு உட்காருது. மறுபடி ஊசி துணிக்குள்ள. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் வித்தியாசமே இல்ல.

ஃபோனைக் கையில பிடிக்காதீங்க. கை லேசா ஆடினாலும் பின்னணி முழுக்க நகரும். ஜிஃப்பைப் பொறுத்தவரை எல்லாப் புள்ளியும் மாறிடுச்சு, எல்லாத்தையும் திரும்ப எழுதணும். ஸ்டாண்ட் இல்லையா, நாலு நோட்டுப் புத்தகத்தை அடுக்கி, விளிம்புல ஃபோனை நீட்டி, மேல ஒரு கனமான டப்பாவை வெச்சுடுங்க. அதுவே போதும்.

துணி ஒரே நிறமா இருக்கட்டும். நூல் அதுக்கு நேரெதிர் நிறம். வெளிர் துணியில கருப்பு நூல் போட்டா, வெளிச்சமும் தெளிவு, அளவும் குறைவு. கீழ விரிக்கிறது பாய் வேண்டாம், வெறும் சார்ட் பேப்பர் போதும்.

வெளிச்சத்துல ஒரு சின்ன விஷயம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட், விலை குறைஞ்ச எல்ஈடி பல்பு எல்லாம் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வீடியோவுல பட்டை பட்டையா ஓடும். அந்தப் பட்டை ஒவ்வொரு படத்துலயும் இடம் மாறுறதால, அசையாத சுவர் கூட அசையற சுவராயிடும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல எடுத்தா இந்தப் பிரச்சினையே இல்ல. லைட்லதான் எடுக்கணும்னா, ஃபோன் கேமராவுல ப்ரோ மோட் இருந்தா ஷட்டரை நொடியில நூறுல ஒரு பங்கு, இல்லன்னா ஐம்பதுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. அப்புறம், திரையில துணி இருக்கிற இடத்தை அழுத்திப் பிடிச்சா, ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கும். கை குறுக்கே வரும்போது படம் பளிச்னு ஆகி மங்கிப்போறது நின்னுடும்.

வேணும்ங்கிறதை விட அதிகமா எடுங்க. மூணு நொடிதான் வேணும்னாலும் அரை நிமிஷம் தைங்க. பத்துப் பன்னிரண்டு தையல்ல நல்லா வந்த ஒண்ணை எடுத்துக்கலாம்.

எங்கே வெட்டுறது?

பொதுவா எல்லாரும் வேலை தொடங்குற இடத்துல ஆரம்பிச்சு, முடியற இடத்துல வெட்டுவாங்க. அப்படி வெட்டினா கடைசிப் படத்துல கை ஒரு இடத்துல, முதல் படத்துல வேற இடத்துல. ஒவ்வொரு சுத்துக்கும் "டக்"னு ஒரு குதி குதிக்கும்.

அதுக்குப் பதிலா, சுழற்சியில ஏதோ ஒரு அடையாளத்தைப் பிடிச்சுக்கோங்க. ஊசிமுனை துணியைத் தொடுற அந்தக் கணம். அங்க ஆரம்பிங்க. அடுத்த தையலுக்கு ஊசிமுனை மறுபடி துணியைத் தொடுறதுக்கு ஒரு படம் முன்னாடி நிறுத்துங்க. தொடுற படத்தையும் சேர்த்துட்டா அது ரெண்டு தடவை வரும், லேசாத் திக்கும்.

சில பேர் முன்னாடி ஓட்டிட்டு அப்படியே பின்னாடி ஓட்டுவாங்க. ஊஞ்சல் ஆடுறதுக்கு அது பொருந்தும், குதி தெரியாது. டபராவுல காபி ஆத்துறதை அப்படிப் பண்ணிப் பாருங்க, காபி டம்ளருக்கு மேல ஏறும். சிரிப்புக்கு நல்லது. தையலுக்கு ஆகாது. ஊசி தச்சதைப் பிரிச்சுக்கிட்டே இருக்கும்.

வேகத்தைப் பத்தி ஒண்ணு. ஜிஃப்ல நேரத்தை நூறுல ஒரு நொடிங்கிற கணக்குலதான் எழுத முடியும். ஒரு படத்துக்கு 8 போட்டா நொடிக்கு பன்னிரண்டரை படம், 5 போட்டா 20 படம், 4 போட்டா 25 படம். கை வேலைக்கு 8 தாராளம். வேகமா ஓடட்டும்னு 1 போட்டுடாதீங்க. 2-க்குக் கீழ போட்டா உலாவிகள் பெரும்பாலும் அதை மதிக்காம 10-ஆ எடுத்துக்கும். ஓடணும்னு நினைச்சது நொண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி நேரம் கொடுக்கலாம்ங்கிறது சொல்லிக்கொடுக்கிறவங்களுக்குப் பெரிய வசதி. நூலை ஊசியில சுத்திப் போடுற அந்த ஒரு படத்துக்கு மட்டும் 100 கொடுங்க. ஒரு முழு நொடி அப்படியே நிக்கும். பொண்ணுங்க தடுமாறுறது அந்த இடத்துலதானே? இதுக்காக ஒரு படம் கூட கூடுதலாத் தேவையில்ல, அளவும் ஏறாது.

256 நிறம்

"படம் புள்ளி புள்ளியா இருக்கு"ன்னு கேட்டீங்க. காரணம் இதுதான். வீடியோவுல கோடிக்கணக்கான நிறம் வரலாம். ஜிஃப்ல ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 நிறம். மனுஷத் தோலோட நிழல்ல மட்டுமே அவ்வளவு சாயல் இருக்கும்.

இருக்கிற நிறத்தை வெச்சு இல்லாத நிறத்தைக் காட்ட ஒரு தந்திரம் உண்டு. பேப்பர்ல வர்ற ஃபோட்டோவைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாருங்க, வெறும் புள்ளிகள்தான். தள்ளி வெச்சா முகம் தெரியும். ஜிஃப் மாத்துற மென்பொருளும் அப்படியே பக்கத்துப் பக்கத்துல புள்ளிகளைத் தூவி ஏமாத்தும். இதுக்கு டித்தரிங்னு பேர். ஆனா இந்தப் புள்ளிகள் ஒவ்வொரு படத்துலயும் வேற வேற இடத்துல விழுந்தா, வெறும் துணி கூட எறும்பு மொய்க்கிற மாதிரி தெரியும். மேற்படி போடவும் வழியில்லாம அளவும் ஏறும்.

இதுக்கு ரெண்டு வழி. முதலாவது, நிறங்களை உங்க வீடியோவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்றது. கணினியில எஃப்எஃப்எம்பெக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல இதை ரெண்டு படியா செய்யலாம். முதல் படியில வீடியோ முழுக்கப் பார்த்து 256 நிறம் பொறுக்கும், ரெண்டாவது படியில அந்த நிறங்களை வெச்சு ஜிஃப் எழுதும். உங்க வீடியோவுல துணி, நூல், கை மூணும்தான்னா, மொத்த நிறமும் அதுக்கே கிடைக்கும். ரெண்டாவது, டித்தரிங்ல "பேயர்"னு இருக்கிறதைத் தேர்ந்தெடுக்கிறது. அது புள்ளிகளை ஒரே ஒழுங்குல, புள்ளிக் கோலம் மாதிரி, மாறாத இடத்துல வைக்கும். எறும்பு மொய்க்காது.

கட்டளை எழுத வராதுங்கிறவங்க விண்டோஸ்ல ஸ்கிரீன் டூ ஜிஃப் போட்டுக்கலாம். இலவசம். ஒவ்வொரு படமா பார்த்து வெட்டலாம், நேரத்தை மாத்தலாம். ஆன்லைன் தளங்கள்லயும் வேலை நடக்கும். ஆனா அங்க ஏத்துற வீடியோ உங்க கையை விட்டுப் போயிடுதுன்னு ஞாபகம் இருக்கட்டும். தையல் வீடியோவை ஏத்தலாம். வீட்டுக் குழந்தை வீடியோவை நான் ஏத்த மாட்டேன்.

திரையைப் பதிவு செய்யும்போது

"கரண்ட் பில் எப்படிக் கட்டுறதுன்னு அப்பாவுக்குக் காட்டணும்" மாதிரி விஷயத்துக்கு ஃபோன் திரையையே பதிவு செய்வோம். நானும் அப்படி ஒண்ணு பண்ணி சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். ரெண்டு நிமிஷத்துல மாமா கூப்பிட்டார். "மாப்ள, உன் அக்கவுன்ட்ல அவ்வளவுதான் இருக்கா?" நடுவுல ஒரு வங்கிக் குறுஞ்செய்தி மேல எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு. நான் கவனிக்கல. ஒருதடவை வந்து போற வீடியோன்னா யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ஜிஃப் என்பதால மூணு நொடிக்கு ஒருதடவை என் வறுமை எல்லாருக்கும் தெரிஞ்சது.

அதனால, பதிவுக்கு முன்னாடி தொந்தரவு செய்யாதே மோடைப் போடுங்க. தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கோங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படமா ஒருதடவை பாருங்க. 37 படம்தானே, ஒரு நிமிஷம் ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. நொடிக்கு மூணு தடவைக்கு மேல பளிச் பளிச்னு மின்னுற படம், வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பையே வரவழைக்கலாம். வெப்சைட்டுகளுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளே அந்த எல்லையைச் சொல்லுது. குரூப்ல யாருக்கு என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. அப்படிப்பட்டதைச் செய்யாதீங்க, வந்தா அனுப்பாதீங்க.

இப்ப உண்மையைச் சொல்றேன்

இவ்வளவும் கேட்டுட்டு, அந்தத் தையல் ஆசிரியைக்கு நான் கொடுத்த பதில் என்ன தெரியுமா? "வாட்ஸாப்புக்குன்னா நீங்க ஜிஃப் பண்ணவே வேண்டாம்மா."

வாட்ஸாப்ல நாம ஜிஃப்னு பார்க்கிறது உள்ளுக்குள்ள எம்பி4 வீடியோ. சத்தம் இல்லாம, தானா திரும்ப ஓடுற வீடியோ, அவ்வளவுதான். ட்விட்டரும் 2014-ல் இருந்து அதைத்தான் செய்யுது. வாட்ஸாப்ல வீடியோவை அனுப்பும்போது மேல வெட்டுற பட்டை வரும். சில நொடிகளுக்குள்ள வெட்டிட்டீங்கன்னா, ஜிஃப்னு ஒரு பட்டன் தோணும். அதை அழுத்தி அனுப்புங்க. 256 நிறத் தொல்லை இல்ல, நாப்பது எம்பியும் இல்ல. எடுக்கிற விதத்தையும் வெட்டுற இடத்தையும் பத்திச் சொன்னதெல்லாம் இங்கயும் அப்படியே பொருந்தும். உண்மையான ஜிஃப் ஃபைல் எதுக்குன்னா, மின்னஞ்சலுக்குள்ள ஓடணும், பாடக் குறிப்புல, ஸ்லைடுல ஒட்டணும், வீடியோ ஏத்துக்காத இடத்துல அசையற படம் வேணும்னா. அங்க அதை அடிச்சுக்க ஆள் இல்ல.

என் தப்பு

எங்க அப்பத்தா சிவகங்கைப் பக்கம். திண்ணையில உக்காந்து, சின்ன இரும்பு உரல்ல வெத்தலை பாக்கு இடிப்பாங்க. ஒரு லீவுக்குப் போனப்ப அதை வீடியோ எடுத்தேன். இடிச்சுக்கிட்டே இருந்தவங்க நிமிர்ந்து பார்த்து, என்னமோ சொல்லிட்டு, பல்லில்லாத வாயால சிரிச்சாங்க. ஊருக்குத் திரும்புற பஸ்ல அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி ஜிஃப் ஆக்கினேன். 320 அகலம், ரெண்டரை நொடி. குரூப்ல எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. யாருக்குப் பிறந்தநாள்னாலும் அப்பத்தா சிரிப்பாங்க.

அப்புறம் ஒருநாள் ஃபோன்ல இடம் இல்லைன்னு வந்தது. பெரிய ஃபைலா பார்த்து அழிச்சேன். அந்த வீடியோவும் வந்தது. "அதான் ஜிஃப் இருக்கே"ன்னு அழிச்சிட்டேன்.

அப்பத்தா போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள், எல்லாம் முடிஞ்சு உக்காந்திருக்கும்போது அத்தை கேட்டாங்க. "தம்பி, நீ திண்ணையில வெச்சு ஒரு வீடியோ எடுத்தியே, அதைப் போடேன். அம்மா குரலைக் கேக்கணும் போல இருக்கு."

ஜிஃப்ல சத்தம் கிடையாது. அந்த வடிவத்துல ஒலிக்குன்னு இடமே இல்ல. ஃபோன், பழைய லேப்டாப், பென் டிரைவ் எல்லாம் தேடிட்டேன். இருக்கிறது அந்த 320 அகலச் சிரிப்பு மட்டும்தான். அன்னைக்கு நிமிர்ந்து பார்த்து என்ன சொன்னாங்கன்னு எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. "சாப்பிட்டியாடா"வாத்தான் இருக்கும். அவங்க வேற என்ன கேட்டாங்க எங்கிட்ட.

ஜிஃப் பண்ணும்போது நாம சத்தத்தை எடுக்கிறோம், நிறத்தைக் குறைக்கிறோம், நொடிக்கு முப்பது படத்துல பதினெட்டைத் தூக்கிப் போடுறோம், மூணு நொடிக்கு முன்னாடியும் பின்னாடியும் இருந்ததை வெட்டுறோம். ஒவ்வொண்ணும் அந்த வேலைக்குச் சரியான முடிவுதான். ஆனா ஒண்ணைக் கூடத் திரும்பப் பெற முடியாது. அதனால ஜிஃப் பண்றவங்களுக்கு என் கடைசி விதி: மூல வீடியோவை முதல்ல வேற ஒரு இடத்துல பிரதி எடுத்து வெச்சுட்டு, அதுக்கப்புறம் வெட்ட ஆரம்பிங்க. காஜா எடுக்கிறதை நாளைக்கும் எடுத்துக்கலாம். எல்லாத்தையும் அப்படி எடுத்துக்க முடியாது.

தையல் ஆசிரியை நேத்து மறுபடி செய்தி அனுப்பியிருந்தாங்க. வெள்ளைத் துணி, கருப்பு நூல், ஜன்னல் வெளிச்சம். ஊசி துணியைத் தொடுது, நூல் சுத்துது, முடிச்சு உட்காருது, மறுபடி தொடுது. எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியல. "ரெண்டு பொண்ணுங்க சட்டைக்கே காஜா எடுத்துட்டு வந்துட்டாங்க சார்"னு எழுதியிருந்தாங்க.

உங்க கேள்விகளையும் குரல் செய்தியா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.